வயிற்று டயாலிசிஸ்: தொற்று வரப்போகிறது என்று ரத்தப் பரிசோதனை முன்பே சொல்லுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்தவர். ஒன்றரை ஆண்டாக வீட்டிலேயே சிஏபிடி, அதாவது வயிற்றில் வைத்த குழாய் வழியாகத் திரவத்தை ஏற்றி வடிக்கும் வயிற்று டயாலிசிஸ், நாளுக்கு மூன்று முறை பை மாற்றுகிறார்கள். இதுவரை வயிற்றுத் தொற்று (பெரிடோனைட்டிஸ்) வந்ததில்லை. இந்த மாத ரிப்போர்ட்டில் ஆல்புமின் (ரத்தப் புரதம்) 3.0, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) 14, பொட்டாசியம் 3.2, நியூட்ரோஃபில் 76 சதவீதம், லிம்ஃபோசைட் 14 சதவீதம். உறவினர் ஒருவர் 76-ஐ 14-ஆல் வகுத்து, "5.4 வருகிறது, இது மூன்றுக்கு மேல் போனால் பெரிடோனைட்டிஸ் வரும்" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, மாதாமாதம் ப்ரோகால்சிடோனின் என்ற, பாக்டீரியா தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தால் முன்பே பிடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் பயத்தைத் தள்ளி வையுங்கள். 5.4 என்ற எண்ணை வைத்து உங்கள் அம்மாவுக்குத் தொற்று வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதே ரிப்போர்ட்டில் நீங்கள் கேட்காமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது: பொட்டாசியம் 3.2. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அதற்கு வருகிறேன். முன்னதாக, உறவினர் சொன்ன கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் இரண்டும் வெள்ளை அணுக்கள். உடலில் அழற்சி இருந்தால் முதல் வகை கூடும், இரண்டாவது குறையும். சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே இரண்டும் வந்துவிடுவதால் தனியாகச் செலவு கிடையாது. அதனால்தான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த விகிதத்தை வைத்து ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன. தட்டணுக்களையும் சேர்த்துக் கணக்கிடுவது, சிஆர்பியை ஆல்புமினால் வகுப்பது, சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைப் பார்ப்பது என்று இதே குடும்பத்தில் இன்னும் பல உண்டு. பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய கோப்புகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்ற கோட்டையும் அதே கோப்புகளை வைத்தே வரைந்திருப்பார்கள். வேறு ஊர் நோயாளிகளிடம் அந்தக் கோடு அப்படியே நிற்கும் என்று உறுதி இல்லை. போதாததற்கு, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு லிம்ஃபோசைட் ஏற்கெனவே குறைவாக இருப்பது வழக்கம். சாப்பாடு குறைந்தாலும் குறையும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் நியூட்ரோஃபில் ஏறும். ஆரோக்கியமானவர்களுக்கான "மூன்று" என்ற அளவை டயாலிசிஸ் செய்பவர் மேல் வைத்துப் பார்ப்பதே தவறு.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வயிற்று டயாலிசிஸ் நோயாளிகளை ஏழு நாடுகளில் தொடர்ந்து கவனித்த பிடாப்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. அதில் பெரிடோனைட்டிஸ் விகிதம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு சராசரியாக 0.28. அமெரிக்காவில் 0.26, தாய்லாந்தில் 0.40. கணக்கு எளிதாக இருக்க 0.3 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1000 பேரில் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 25 தொற்றுகள். இப்போது ஒரு நல்ல ரத்தப் பரிசோதனையைக் கற்பனை செய்யுங்கள்: தொற்று வரப்போகிறவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், வராதவர்களில் 75 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். அந்த 25 பேரில் 20 பேரை அது பிடிக்கும். ஆனால் மீதி 975 பேரில் கால்வாசி, அதாவது சுமார் 244 பேருக்கும் "வரப்போகிறது" என்றே சொல்லும். மொத்தம் 264 பேர் பயந்துபோவார்கள், அதில் உண்மையில் தொற்று வருவது 20 பேருக்கு. நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. இது நான் கற்பனையாக வைத்த எண், அதுவும் தாராளமாகவே வைத்த எண். "இந்த அளவு கூடியவர்களிடம் தொற்று அதிகம்" என்று ஒரு ஆய்வு சொல்வது கூட்டத்தைப் பற்றி. உங்கள் வீட்டில் இருக்கிற ஒருவரைப் பற்றி அது சொல்வது மிகக் கொஞ்சம்.

ஏன் ரத்தத்தால் இதை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பதற்கு, கிருமி எப்படி உள்ளே போகிறது என்று பார்த்தாலே பதில் கிடைக்கும். பை மாற்றும்போது இணைப்பில் கை பட்டால் தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள் குழாய் வழியாகப் போகும். வயிற்றில் வைத்த குழாயான கதீட்டர் வெளியே வரும் இடத்தில் புண் இருந்தால் அதன் ஓரமாகப் போகும். மூன்றாவது வழி குடல்: மலச்சிக்கலாலோ குடல் அசைவு மந்தமாகியோ குடலில் இருக்கும் கிருமிகள் சுவரைத் தாண்டி வயிற்றறைக்கு வந்துவிடலாம். கை கழுவாமல் மூடியைத் திறந்ததை எந்த ரத்தப் பரிசோதனையும் முந்தின வாரமே காட்டாது. இதோடு, வயிற்றறையின் காவலுக்கு இருக்கும் அணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் ஒவ்வொரு முறை இரண்டு லிட்டர் திரவம் போய் வரும்போதும் நீர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகின்றன. அங்கே என்ன நிலைமை என்பது கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் தெரிவதில்லை.

சரி, அப்படியானால் ரத்தப் பரிசோதனையே வீணா? இல்லை. அது எதைச் சரிசெய்ய வேண்டும் என்று காட்டினால் அதற்கு மதிப்பு உண்டு. "இந்த எண் கெட்டிருந்தால் நாளை என்ன செய்வோம்" என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் எண்கள்தான் எனக்கு முக்கியம். பொட்டாசியம் அந்த வகையில் முதலிடத்தில் இருக்கிறது.

சிறுநீரக நோய் என்றாலே பொட்டாசியம் ஏறும், அதனால் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காயை நறுக்கி நீரில் ஊறவைத்து, வேகவைத்து, நீரை வடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்று நம் வீடுகளில் மனப்பாடமாக இருக்கிறது. மருத்துவமனையில் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. அவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் சுத்திகரிப்பு, நடுவில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். வயிற்று டயாலிசிஸில் கதை வேறு. வழக்கமான பைகளில் பொட்டாசியமே கிடையாது. தினமும் உடலிலிருந்து அது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பையில் இருக்கும் குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டி, ரத்தத்தில் மிச்சமிருப்பதையும் அணுக்களுக்குள் தள்ளுகிறது. பசி குறைந்து சாப்பாடும் குறைந்தால், போதாததற்குப் பழைய பத்தியமும் தொடர்ந்தால், 3.5-க்குக் கீழே போவதில் ஆச்சரியம் இல்லை. வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களிடம் குறைந்த பொட்டாசியம் அடிக்கடி காண்கிற விஷயம், அடிக்கடி கண்டுகொள்ளாமல் விடுகிற விஷயமும்கூட.

பொட்டாசியம் குறைந்தால் தசை சோரும், குடலின் தசையும் அதில் சேர்த்தி. குடல் மந்தமாகும், கிருமிகள் பெருகும், சுவரைத் தாண்டும் வாய்ப்பு கூடும். இது வெறும் ஊகமாக நிற்காமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்தில் ஆறு மையங்களில், பொட்டாசியம் குறைந்திருந்த 167 பேரை இரண்டு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு பொட்டாசியம் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும்படி மருந்தை அளந்து அளந்து கொடுத்தார்கள். மற்றதற்கு 3.5-க்குக் கீழே போனால் மட்டும். 2022-இல் வந்த முடிவின்படி முதல் பிரிவில் பெரிடோனைட்டிஸ் வரும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்தே, திறந்த முறையில் நடந்ததுதான். ஆனாலும் மேலே சொன்ன அத்தனை விகிதங்களிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: எண்ணை மாற்றினார்கள், தொற்று குறைந்தது. சர்வதேச வயிற்று டயாலிசிஸ் சங்கமான ஐஎஸ்பிடியின் 2022 வழிகாட்டுதலும் குறைந்த பொட்டாசியத்தைத் தவிர்க்கவும் சரிசெய்யவும் சொல்கிறது.

ஆகவே இந்த வாரமே உங்கள் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் 3.2 பற்றிக் கேளுங்கள். நீங்களாகவே இளநீரோ பொட்டாசியம் சிரப்போ ஆரம்பித்துவிட வேண்டாம். அம்மாவுக்கு இன்னும் எவ்வளவு சிறுநீர் போகிறது, நீர் மாத்திரை எடுக்கிறாரா, ரத்த அழுத்தத்துக்கு என்ன மருந்து என்பதையெல்லாம் பார்த்துத்தான் அளவு முடிவாகும். கூடவே மலம் தினமும் போகிறதா என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

அடுத்தது ஆல்புமின். தொற்றோடு அதிகமாகத் தொடர்புபடுத்தப்பட்ட ரத்த எண் என்றால் அநேகமாக இதுதான். டயாலிசிஸ் தொடங்கும்போதே ஆல்புமின் குறைவாக இருப்பவர்களுக்குப் பின்னால் பெரிடோனைட்டிஸ் அதிகம் வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 3.0 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். வடிந்து வரும் திரவத்தோடு நாளுக்கு 5 முதல் 10 கிராம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், புரதம் போய்விடுகிறது. அதை ஈடுகட்டும் அளவுக்குச் சாப்பிடாமல் இருக்கலாம். உடலில் எங்கோ அழற்சி இருந்து, கல்லீரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்திருக்கலாம். அல்லது உடலில் நீர் தேங்கி, இருக்கிற ஆல்புமின் நீர்த்துப் போயிருக்கலாம். கால் வீங்கியிருக்கிறதா, எடை ஏறியிருக்கிறதா, தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்காமல் ஆல்புமினை மட்டும் படிப்பதில் பயன் இல்லை. லேபை மாற்றினீர்களா என்றும் பாருங்கள். ஆல்புமின் அளக்க இரண்டு வகைச் சாயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பச்சைச் சாய முறை ஊதாச் சாய முறையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒரு லேபில் 3.4, இன்னொன்றில் 3.0 என்பது உடம்பு மாறாமலேயே நடக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் "பருப்பைக் குறை, முட்டை வேண்டாம், கறி வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு அது தலைகீழாக மாறுகிறது, ஆனால் வீட்டில் பழைய பத்தியமே ஓடிக்கொண்டிருக்கும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடை என்றால் 50 முதல் 60 கிராம். ஒரு முழு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். அரைக் கரண்டி சாம்பாரும் ஒரு கரண்டி மோரும் இதன் பக்கத்தில்கூட வராது. பாஸ்பரஸ் ஏறிவிடுமே என்ற கவலைக்கு முட்டை வெள்ளைக்கரு நல்ல வழி. சைவம் என்றால் டயட்டீஷியனிடம் உட்கார்ந்து திட்டம் போடுவதுதான் சரி. வயிற்றில் இரண்டு லிட்டர் திரவம் நிற்கும்போது பசிக்காது என்பதும் உண்மை. திரவம் வடிந்த பிறகு, புதிய பை ஏற்றுவதற்கு முன் சாப்பிடச் சொன்னால் சிலர் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

சிஆர்பிக்கு வருவோம். முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு என்றும் போடுகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். உங்களுடையது லிட்டருக்கு 14 என்றே எடுத்துக்கொள்கிறேன். உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் இதைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், காரணம் நீங்கினால் வேகமாக இறங்கும். ஆகவே இன்றைய சிஆர்பி இன்று நடப்பதைச் சொல்கிறது. அடுத்த மாதத்தை அல்ல. நீண்ட நாள் கூடியே இருந்தால் இதய நோய்க்கும் ஆயுளுக்கும் அது நல்ல செய்தி இல்லை என்பது தெளிவு. வயிற்றுத் தொற்றை முன்கூட்டிச் சொல்வதில் அதன் பங்கு பலவீனமானது. 14 என்பது பெரிய எண்ணும் இல்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் என்பதால் இந்த எண்ணைச் சாக்காக வைத்து ஒரு தேடல் நடத்துங்கள்: பாதத்திலும் விரலிடுக்கிலும் புண் இருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா, கதீட்டர் வெளிவரும் இடத்தில் சிவப்போ சீழோ பொருக்கோ இருக்கிறதா, இருமல் இருக்கிறதா. ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, சிவப்பணு அளவு வேறுபாடு இவற்றுக்கும் தொற்றோடு தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. இவற்றை நம்பி தொற்றைக் கணிக்க நான் சொல்லமாட்டேன். ரத்தசோகைக்கும் எலும்புக்கும் எப்படியும் பார்ப்பார்கள், அது போதும். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: ரத்தசோகை இருந்து, சிவப்பணுக்களைக் கூட்டும் எரித்ரோபொயட்டின் ஊசி போடுபவர்களுக்கு அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நல்ல எண் வந்தது என்று நிம்மதியாகிவிடாமல் வீட்டு அளவுகளையும் பாருங்கள்.

ப்ரோகால்சிடோனின் மாதாமாதம் தேவையா என்றால், வேண்டாம். பாக்டீரியா தொற்று வந்த பிறகு சில மணி நேரத்தில் ஏறுகிற பொருள் அது. வருவதற்கு முன் ஏறாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தொற்றே இல்லாவிட்டாலும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதனால் மற்றவர்களுக்கான அளவுகோலை வைத்தால் வீண் பயம். மறுபக்கம், தோல் கிருமியால் வரும் லேசான பெரிடோனைட்டிஸில் அது ஏறாமலேயே இருந்துவிடலாம், அப்போது வீண் நிம்மதி. காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்த பிறகு, ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறதா, மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க மருத்துவருக்கு அது உதவும். விலையும் குறைவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

தொற்று வந்துவிட்டதா என்று சொல்வது வடிந்து வரும் பைதான். ஐஎஸ்பிடியின் வரையறையில் ரத்தப் பரிசோதனைக்கு இடமே இல்லை. ஒன்று, வயிற்று வலி அல்லது கலங்கிய திரவம்; இரண்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் வயிற்றில் நின்ற திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளை அணுக்கள், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்; மூன்று, கல்ச்சரில் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி. மூன்றில் இரண்டு இருந்தால் பெரிடோனைட்டிஸ். இதில் முதல் அடையாளத்தைப் பார்க்க லேப் வேண்டாம். அச்சடித்த தாள் ஒன்றைப் பைக்கு அடியில் வைத்து, திரவத்தின் வழியாக எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் பையைக் கொட்டாதீர்கள், அதை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும் போன் செய்யுங்கள். ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் இயல்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் நம்பி வீட்டிலேயே இருக்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிட்டு வந்தால் கல்ச்சரில் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் போய்விடும். பால் போல வெளுத்து வந்து, வலியும் காய்ச்சலும் இல்லையென்றால், சில ரத்த அழுத்த மாத்திரைகளால் கொழுப்பு கலந்து வருவதாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிப்பது அணு எண்ணிக்கைதான், நாம் அல்ல.

தொற்று வந்த பிறகு எப்படிப் போகும் என்று கணிப்பதிலும் இந்தத் திரவமே நல்ல சாட்சி. சிகிச்சையின் மூன்றாம் நாளில் திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளை அணுக்கள் 1090-க்கு மேல் இருந்தால் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு கூடுதல் என்று ஹாங்காங் மருத்துவர்கள் 2006-இல் காட்டினார்கள். சரியான மருந்து கொடுத்தும் ஐந்து நாளில் தெளியாவிட்டால் கதீட்டரை எடுத்துவிடுவது பொதுவான நடைமுறை. புதிய ஆராய்ச்சியிலும் எனக்கு நம்பிக்கை தருவது இந்தத் திசைதான். பிரிட்டனில் இந்தத் திரவத்தில் இன்டர்லூக்கின்-6, எம்எம்பி-8 என்ற இரண்டு பொருள்களை ஒரு சிறு பட்டையில் நிமிடங்களில் பார்க்கும் கருவியைச் சோதித்திருக்கிறார்கள். தொற்று இல்லை என்று சொல்வதில் அது நன்றாகவே வேலை செய்தது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் முதல் நாள் திரவத்தில் இருக்கும் பல எதிர்ப்பு அணுக்களையும் புரதங்களையும் சேர்த்துப் பார்த்து, எந்த வகைக் கிருமி என்று கல்ச்சருக்கு முன்பே சொல்ல முயல்கிறார்கள். இரண்டும் இன்னும் நம் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

கடைசியாக, தொற்றைத் தடுக்க உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் தவிப்புக்கு ஒரு வழி. பிடாப்ஸ் ஆய்வில் பயிற்சி ஆறு நாளோ அதற்கு மேலோ கொடுத்த மையங்களில் பெரிடோனைட்டிஸ் குறைவாக இருந்தது. ஒன்றரை ஆண்டில் எல்லோருக்கும் கை பழகிவிடும், பழகின பிறகு சில படிகள் தானாகவே நழுவிவிடும்: மின்விசிறியை நிறுத்துவது, முகக்கவசம், கையைக் கழுவி முழுதாக உலர விடுவது. டயாலிசிஸ் நர்ஸிடம் நேரம் கேட்டு, அவர் முன்னால் அம்மாவையோ அல்லது பை மாற்றுகிற யாரையோ ஒருமுறை முழுதாகச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சர்க்கரையால் அம்மாவின் பார்வை மங்கியிருக்கிறதா, விரல் நுனி மரத்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். மங்கியிருந்தால் இனி இணைப்பை வேறொருவர் செய்வதே நல்லது. வழக்கமாகச் செய்கிறவர் ஊருக்குப் போகும் நாளில் யார் செய்வார்கள் என்பதையும் முடிவு செய்து, அவரையும் அந்தப் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள்.